‘ஒன்றியம்’ என்னும் சொல்லும் மஹ்பூப் அலி பேக் சாஹிபின் திருத்தமும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி, தியாகி சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23இல் கண்மூடிய ஊர். சிறை தந்த தொழுநோயோடு ஊர் ஊராக நடந்தலைந்த அம்மனிதர், அங்கே ஓர் ஆசிரமம் அமைத்துப் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப முனைந்தார். அதற்கு 1923இல் அடிக்கல் நாட்டியவர் வங்கத்தின் சித்தரஞ்சன் தாஸ். ஆலயம் எழுவதைக் காண இருவருமே இருக்கவில்லை. 1925 ஜூன் 16இல் தாஸும், ஐந்து வாரங்களுக்குப் பின்னர் சிவாவும் மறைந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே மாநில அரசு அங்கு ஒரு நினைவாலயத்தைக் கட்டி முடித்தது.

அடிக்கல் நாட்டிய அதே 1923ஆம் ஆண்டு டிசம்பரில் தாஸ் இன்னொரு காரியம் செய்தார். அதனை நாம் அறிந்திருப்பது குறைவு. வங்க மாகாண முஸ்லிம்களோடு அவர் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். மாகாண சட்டசபையில் மக்கள்தொகைக்கேற்ற பிரதிநிதித்துவம், அரசு உத்தியோகங்களில் முஸ்லிம்களுக்கு 55 விழுக்காடு, பள்ளிவாசல்களின் முன்னே மேளதாளம் இன்மை ஆகியன அதன் முக்கிய விதிகள். அம்மாதமே காக்கிநாடாவில் கூடிய காங்கிரஸ் மகாநாடு இவ்வுடன்படிக்கையை ஏற்க மறுத்துவிட்டது. அம்மகாநாட்டின் தலைவர் மௌலானா முஹம்மது அலி என்பது நம்மைச் சற்றே சங்கடத்தில் ஆழ்த்தும் செய்தி! ஒரு மாகாணத்து மக்கள் தமக்குள் பேசி முடித்துக்கொண்ட ஒரு தீர்வை அகில இந்திய அமைப்பு ஒன்று தள்ளிவிட இயலுமா என்னும் வினா அன்றே எழுந்தது. வங்க மாகாண காங்கிரஸ் 1924இல் சிராஜ்கஞ்சில் அவ்வுடன்படிக்கையை ஏற்றது. தாஸ் மறைந்ததும் 1926இல் அதனைக் கைவிட்டது. மத்திய, மாநில அதிகாரப் பங்கீடு என்று நாம் இன்று பேசுவதன் விதை இவ்வினாவிலும் இருக்கிறது.

2021இல் தமிழக அரசு ‘மத்திய அரசு’ என்பதை விடுத்து ‘ஒன்றிய அரசு’ என்று எழுதத் தொடங்கியபின், நம் சமுதாயத்து மேடைகளும் ஏடுகளும் அச்சொல்லை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டன. இதனை நாம் குறை கூறவில்லை. ஆயின் இது குறித்து எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி, அரசியல் சாசனத்தின் முதலாம் உறுப்பு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது, ஆகவே மாநிலங்கள் வென்றன என்னும் அளவிலேயே நின்றுவிடுகிறது. ‘யூனியன்’ என்ற அச்சொல்லையே நீக்கவேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார் என்பதையும், அவர் சென்னை மாகாணத்து முஸ்லிம் உறுப்பினர் என்பதையும் நம்மவர் எவரும் நினைவுகூர்ந்ததாகத் தெரியவில்லை.

அவர் மஹ்பூப் அலி பேக் சாஹிப். 1948 நவம்பர் 15இல் அவர் முன்மொழிந்தது ஒரு சொல்லின் மாற்றமே: ‘யூனியன்’ என்பது இருக்கும் இடத்தில் ‘ஃபெடரேஷன்’ என்று வரவேண்டும். சட்டத்தின் கட்டமைப்பு கூட்டாட்சி எனில் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். இல்லையேல் பிற்காலத்தில் வலிமை மிக்க ஒரு மத்திய அரசு இச்சொல்லையே பிடித்துக்கொண்டு கூட்டாட்சியை ஒற்றையாட்சியாக மாற்றிவிடக்கூடும் என்பது அவர் வாதத்தின் சாரம். ‘யூனியன்’ ஏன் என்பதற்கு டாக்டர் அம்பேத்கர் நவம்பர் 4ஆம் நாளன்றே விளக்கம் கூறியிருந்தார். மாகாணங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்து உருவாக்கிய கூட்டமைப்பு அன்று இது. ஆகவே விலகிச் செல்லும் உரிமை எதற்கும் இல்லை. அதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டவே அச்சொல் என்றார் அவர். பேக் சாஹிபின் திருத்தம் தோற்றது.

அது தோற்றதில் வியப்பில்லை. அவ்வுறுப்பினர் பேசிய காலத்தைக் கருதவேண்டும். 1946இல் கேபினட் தூதுக்குழு வகுத்த திட்டத்தில் மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்துத் தொடர்பு ஆகிய மூன்றே துறைகள். அவ்வாண்டு டிசம்பர் 13இல் நேரு கொணர்ந்த குறிக்கோள் தீர்மானமும் எஞ்சிய அதிகாரங்களைத் தன்னாட்சி பெற்ற உறுப்புகளிடமே விட்டது. பின்னர் 1947 ஜூன் 3 அறிவிப்பு வந்தது. பிரிவினை உறுதியாயிற்று. அடுத்த மாதமே, வலிமையான மத்திய அரசும் அதனிடமே எஞ்சிய அதிகாரங்களும் என்று குழு அறிக்கை மாறிவிட்டது. ஏழு மாதங்களில் நிகழ்ந்த தலைகீழ் மாற்றம் இது. மாநிலங்கள் இழந்த அதிகாரத்துக்குப் பிரிவினையே காரணமாகக் கூறப்பட்டது. பிரிவினைக்கோ முஸ்லிம்களே காரணமாகக் கூறப்பட்டனர். ஐதராபாத் இணைக்கப்பட்டு இரு மாதங்களும் நிறையாத நேரத்தில் ஒரு முஸ்லிம் லீக் உறுப்பினர் எழுந்து ‘கூட்டாட்சி’ என்றால், அவையோர் செவியில் அது எவ்வாறு ஒலித்திருக்கும்? வாதம் வாயைவிட்டு வெளிவருமுன்பே தோற்றிருந்தது.

நம்மவர் நினைவிலோ அச்சபையின் சென்னை உறுப்பினர்கள் ஷரீஅத் சட்டத்துக்கும் தனித்தொகுதிக்கும் வாதாடியவர்களாக மட்டுமே எஞ்சினர். காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபும், போக்கர் சாஹிபும், பேக் சாஹிபும் 1948 நவம்பர் 23இல் பொது சிவில் சட்ட உறுப்பின்மீது கொண்டுவந்த திருத்தங்களை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். எட்டு நாள்களுக்கு முன்னர் அதே பேக் சாஹிப் முழு நாட்டுக்கும் பொதுவான ஒரு வினாவை எழுப்பியதைப் பேசுவதில்லை. ‘முஸ்லிம் பிரச்சினை’ என்று பிறர் வரைந்த வட்டத்துக்குள் நம் முன்னோரை நாமே நிறுத்திவிட்டோம் என்பதே நம் முறையீடு.

எனினும் பேக் சாஹிபின் திருத்தத்தை அப்படியே ஏற்றுவிட முடியாது. அறபு பயில்வோர்க்கு இங்கே ஒரு செய்தி விளங்கும். அறபியில் ‘யூனியன்’, ‘ஃபெடரேஷன்’ ஆகிய இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்தான்: இத்திஹாத். ஐரோப்பிய ஒன்றியமும் இத்திஹாதே. மறைந்த சோவியத் நாடும் இத்திஹாதே. 2005ஆம் ஆண்டின் இராக் சாசனம் தன் முதல் உறுப்பில் அந்நாட்டை ஒரே ‘இத்திஹாதீ’ அரசு என்கிறது; மொழிபெயர்ப்பாளர் அதனைக் கூட்டாட்சி என்பர். ‘ஒன்றாதல்’ என்னும் பொருளுடைய இச்சொல்லை இறைவனோடு அடியான் ஒன்றாதல் என்று சில ஸூஃபிகள் ஆண்டபோது, இருவர்க்கும் இடையிலுள்ள வேறுபாடு அழிந்துவிடுமே என்று கலாம் அறிஞர்கள் அஞ்சினர். பேக் சாஹிபின் அச்சமும் ஏறத்தாழ அத்தகையதே. ஆனால் 1971இல் உருவான ஐக்கிய அறபு அமீரகத்தைப் பாருங்கள். பெயரில் இத்திஹாத். சாசனத்திலோ ஒன்றியத்துக்கென ஒதுக்கப்படாத அதிகாரம் அனைத்தும் அந்தந்த அமீரகத்துக்கு. இயற்கை வளமும் அந்தந்த அமீரகத்தின் பொதுச்சொத்து. (அங்கே மக்களாட்சி உண்டா என்று கேட்பீராயின், அது வேறு வினா.) ஆக, ஆட்சியின் இயல்பை முதல் உறுப்பின் பெயர்ச்சொல் தீர்மானிப்பதில்லை. எஞ்சியது யாருக்கு என்பதே தீர்மானிக்கிறது. நம் சாசனத்தின் 248ஆம் உறுப்பு அதனை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்துவிட்டது. ‘ஒன்றிய அரசு’ என்று ஓராயிரம் முறை எழுதினாலும் 248 அசையாது.

ஆராயப்பட வேண்டிய இன்னொரு சொல் 356ஆம் உறுப்பில் உள்ளது. ஆளுநரிடமிருந்து அறிக்கை பெற்றோ ‘வேறு வகையாகவோ’ மாநில அரசு இயங்க இயலாதெனக் குடியரசுத் தலைவர் கருதலாம் என்கிறது அது. அந்த ‘வேறு வகை’யை எச்.வி. காமத் அச்சபையிலேயே கடுமையாக எதிர்த்தார். அது வெறும் சொல்லாட்சிச் சண்டை எனத் தோன்றியிருக்கும். 1991 ஜனவரி 30இல் தமிழகத்தில் அதன் பொருள் புலப்பட்டது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தார். ஆயினும் ஆட்சி கலைக்கப்பட்டது.

1969இல் தமிழக அரசு அமைத்த இராஜமன்னார் குழு, 1971 மே மாதம் அளித்த அறிக்கையில் 356ஆம் உறுப்பை நீக்கிவிடவே பரிந்துரைத்தது. நீதிபதி இராஜமன்னாரும், ஆற்காடு இலட்சுமணசாமி முதலியாரும், நீதிபதி சந்திரா ரெட்டியும் சேர்ந்து ஆக்கிய அவ்வறிக்கை துணிவான நூல். எஞ்சிய அதிகாரம், ஆளுநர் நியமனம், நிதி ஆணையம், அகில இந்தியப் பணிகள் என ஒன்றையும் விடாது தொட்டது. 1974இல் சட்டமன்றம் அதனையொட்டித் தீர்மானம் இயற்றியது. மத்திய அரசு செவிசாய்க்கவில்லை. 1976 ஜனவரி 31இல் அத்தீர்மானத்தை இயற்றிய ஆட்சியே கலைக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில அரசு மீண்டும் ஒரு குழுவை அமைத்திருப்பது அவ்வறிக்கைக்கு இன்னும் வேலை முடியவில்லை என்பதன் சான்று.

ஆயினும் ஒரு முஸ்லிம் வாசகர் அவ்வறிக்கையைப் படிக்கையில் ஒரு தயக்கம் எழத்தான் செய்யும். மறைப்பானேன்? மாநில அரசே சிறுபான்மையினரைக் கைவிட்டால் எங்கே போவது? 1992 டிசம்பர் 6இல் உத்தரப் பிரதேச அரசு தான் அளித்த வாக்கை மீறியது. பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. பின்னர் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், இமாசலப் பிரதேசம் ஆகிய மூன்று அரசுகள் 356இன்கீழ்க் கலைக்கப்பட்டன. 1994இல் பொம்மை வழக்கில் அவ்வுறுப்புக்குக் கடுமையான வரம்புகள் விதித்த அதே உச்ச நீதிமன்றம், மதச்சார்பின்மை அடிப்படைக் கட்டமைப்பு என்று கூறி இம்மூன்று கலைப்புகளையும் செல்லும் என்றது. இதனைக் காட்டி, வலிமையான மத்திய அரசே நமக்கு அரண் என்று வாதிப்போர் நம்முள் உண்டு. அவர்கள் நாள்காட்டியை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். 356 பயன்பட்டது மஸ்ஜித் விழுந்த பின்னர். இடிப்புக்கு முந்திய மாதங்களில் அவ்வதிகாரம் முழுமையாக டில்லியின் கையில் இருந்தது; அது மஸ்ஜிதைக் காக்கவில்லை.

மறுபுறம், அரண் எனக் கருதப்பட்ட அதே அதிகாரம் 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் எவ்வாறு பயன்பட்டது என்பதையும் நோக்கவேண்டும். ஒரு மாநிலத்தைப் பிரிக்குமுன் அதன் சட்டமன்றக் கருத்தைக் கேட்கவேண்டும் என்கிறது 3ஆம் உறுப்பு. அங்கோ குடியரசுத் தலைவர் ஆட்சி நடைபெற்றது. சட்டமன்றத்தின் இடத்தில் நாடாளுமன்றமே நின்று தன் கருத்தைத் தானே கேட்டுக்கொண்டது. மாநிலம் இரு ஒன்றியப் பகுதிகளாயிற்று. ‘யூனியன்’ என்ற சொல் பிற்காலத்தில் எதற்குப் பயன்படுமோ என்று பேக் சாஹிப் 1948இல் கவலைப்பட்டது மிகையன்று.

சமய ஒற்றுமை இருந்துவிட்டால் இச்சிக்கல் எழாது என்று எண்ணுவோர்க்கு அண்டை நாட்டைக் காட்டினால் போதும். பாகிஸ்தான் 1955இல் தன் மேற்குப் பகுதி முழுவதையும் ‘ஓர் அலகு’ எனக் குவித்தது. 1970இல் அதனைக் கலைத்தது. மொழியும் வருவாயும் பற்றிய கிழக்குப் பாகிஸ்தானின் முறையீட்டைக் கேட்க மறுத்து 1971இல் நாட்டின் பாதியை இழந்தது. ஒரே கலிமாவால் பிணைக்கப்பட்டவர்களையும் அதிகாரக் குவிப்பு பிரித்துவிட்டது. அந்நாடு பொதுப்பட்டியலை நீக்கி மாகாணங்களுக்கு வலுவூட்டியது 2010இல்தான்.

அதிகாரத்தை ஒப்படைத்தல் குறித்து நம் மரபில் நுண்ணிய சிந்தனை உண்டு. புவைஹிகளின் பிடியில் கலீஃபாக்கள் இருந்த காலத்தில் எழுதிய இமாம் மாவர்தீ, தம் ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் அமைச்சர்களை இருவகைப்படுத்துகிறார். ‘தஃப்வீழ்’ பெற்ற அமைச்சர் தம் கருத்தின்படி முடிவெடுப்பார். ‘தன்ஃபீத்’ அமைச்சரோ மேலிருந்து வரும் ஆணையைக் கொண்டுசேர்ப்பவர் மட்டுமே. இவை அமைச்சர்களைப் பற்றியன, மாநிலங்களைப் பற்றியன அல்ல. எனினும் இவ்விரு சொற்களும் நமக்குப் பயன்படுகின்றன. சாசனத்தின் ஏழாவது அட்டவணை மாநிலங்களுக்குத் தந்தது தஃப்வீழ். நடைமுறை அவற்றைத் தன்ஃபீதுக்கு இறக்கிவிட்டது. கல்வியே இதற்குத் தெளிவான சான்று. 42ஆம் திருத்தம் அதனை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. ‘பிஎம்ஸ்ரீ’ பள்ளித் திட்டத்தில் கையொப்பமிடாமைக்காகச் சமக்ர சிக்ஷா நிதியில் 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டதாகத் தமிழக அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் சென்றது. ஆணையை ஏற்காத தன்ஃபீத் அமைச்சருக்குப் படி நிறுத்தப்படுவது போன்றதே இது.

பணத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். நபி (ஸல்) அவர்கள் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வர்களிடமிருந்து பெறப்படும் ஸதகா அவர்களுள் உள்ள வறியோர்க்கே திருப்பப்படும் எனக் கூறியது ஸஹீஹ் நூல்களில் பதிவானது. இதன் தொடர்ச்சி அபூ உபைதின் ‘கிதாபுல் அம்வாலி’ல் உள்ளது. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆத் (ரலி) யமன் ஸதகாவில் மூன்றிலொரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்கள். உமர் (ரலி) மகிழவில்லை, கடிந்துகொண்டார்கள். வரி தண்டுபவராக உம்மை நான் அனுப்பவில்லையே என்பது அவர்கள் கூற்றின் கருத்து. இங்கே பெறுவார் இருந்தும் நான் அனுப்பவில்லை என்றார்கள் முஆத் (ரலி). மறு ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்தது. ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே விடை. தலைநகருக்குப் பணம் வந்தால் ‘ஏன் வந்தது’ என்று கேட்கும் ஆட்சியாளரை நாம் வேறெங்கும் படித்ததில்லை.

ஸகாத் வேறு, அரசின் வரி வேறு. இரண்டையும் ஒன்றாக்கினால் அது ‘கியாஸ் மஅல் ஃபாரிக்’ ஆகும் என மாணவரும் அறிவர். நாம் இங்கே ஒப்பிடுவது சட்டத்தை அன்று, கணக்குக் கேட்கும் முறையை. 15ஆவது நிதி ஆணையம் 2021-26 ஆண்டுகளுக்குப் பகிர்வுக்குரிய வரித்தொகுப்பில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கும், அதனுள் 4.079 விழுக்காட்டைத் தமிழகத்துக்கும் ஒதுக்கியது. 13ஆவது ஆணையத்தில் தமிழகத்தின் பங்கு 4.969. இதைவிடக் கவனிக்கத்தக்கது, செஸ், சர்சார்ஜ் எனப்படும் மேல்வரிகள் அப்பகிர்வுத் தொகுப்புக்குள்ளேயே வருவதில்லை என்பது. 270ஆம் உறுப்பு அவற்றை வெளியே நிறுத்திவிட்டது. பங்கின் விழுக்காட்டை உயர்த்திவிட்டுப் பங்கிடப்படும் குவியலைச் சுருக்குவதற்கு இது வழி. அதே வேளையில், எம் பணம் எமக்கே என்று கூவும் தமிழகக் குரலையும் நாம் ஒப்பவில்லை. முஆத் (ரலி) மிகுதியை அனுப்பத்தான் செய்தார்கள். பீகாரின் வறியவருக்குத் தமிழகத்தின் மிகுதி செல்வதில் தவறில்லை. இங்கே பெறுவார் எவரும் எஞ்சியுள்ளனரா என்று முதலில் கேட்கப்பட்டதா என்பதே வினா.

எஞ்சியிருந்தனர். தருமபுரி மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்கள் பழுப்பேறி, எலும்புகள் வளைந்த மக்களை அவ்வட்டாரத்துக் கிராமங்களில் காணலாம். காவிரி தமிழகத்துக்குள் புகும் ஒகேனக்கல் அம்மாவட்டத்திலேயே உள்ளது. இருந்தும் அத்தண்ணீர் குடிநீராக ஊர்களுக்கு வர எவ்வளவு காலம் ஆயிற்று! 1998இல் மத்திய அரசு தடையின்மை தெரிவித்தது. நிதி ஜப்பானியக் கடன்; அயல்நாட்டுக் கடனை ஒரு மாநிலம் தானே நேரடியாகப் பெற இயலாது, டில்லி வழியாகவே வரவேண்டும். 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும் கருநாடகத்தில் எதிர்ப்பு மூண்டது. அங்குத் தேர்தல் முடியும்வரை பணி தள்ளிவைக்கப்பட்டது. 2013இல்தான் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இரு மாநிலங்களுக்கு நடுவே நின்று நடுவர் வேலை பார்க்கவேண்டிய மத்திய அரசு, தான் கொடுத்த தடையின்மையை நினைவூட்டக்கூடத் தயங்கியது. வலிமையான மையம் வேண்டும் என்போர், வேண்டிய இடத்தில் அவ்வலிமை எங்கே போயிற்று என்பதற்கும் விடை கூறவேண்டும்.

இவ்வளவும் டில்லியை நோக்கிய குறை. கோட்டையை நோக்கியும் ஒன்று உண்டு. மாநில சுயாட்சி பற்றி உரக்கப் பேசிய தமிழகத்தில் 1970க்குப் பின்னர் 1986இல்தான் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அதற்கடுத்தது 1996இல். அதுவும் நாடாளுமன்றம் 73, 74ஆம் திருத்தங்களை இயற்றி வற்புறுத்திய பிறகு. டில்லி தங்களுக்குச் செய்ததாக மாநிலங்கள் முறையிட்டதையே மாநிலங்கள் ஊர்களுக்குச் செய்தன. இந்த ஓரிடத்தில் மத்தியச் சட்டம் ஊர் மக்களுக்குத் துணையாக நின்றது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தமிழில் ‘ஒன்றியம்’ என்ற சொல்லை நம் ஊரார் டில்லிக்குரியதாக அறியுமுன்பே ‘ஊராட்சி ஒன்றியம்’ என்று தம் வட்டாரத்துக்குரியதாக அறிந்திருந்தனர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

பாப்பாரப்பட்டி ஒரு பேரூராட்சி. தமிழகத்தின் மற்ற பேரூராட்சிகளைப் போன்றே அங்கும் 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2016இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல். இடைப்பட்ட ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லையெனில் முறையிட ஒரு வார்டு உறுப்பினர் இல்லை. 2019இல் காஷ்மீரின் சட்டமன்றம் இல்லாமற் போனதைக் கண்டித்துத் தமிழகக் கட்சிகள் உரையாற்றிய மாதங்களில், தாஸ் அடிக்கல் நாட்டிய ஊரில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை.